காற்றைக் குரு என்பவர்கள் வயலுக்குத் தீ வைப்பது ஏன்? பஞ்சாப் கோதுமை, நம்பிக்கை, தில்லிப் புகை

யமுனைத்துறை
நவம்பர் 5, இரவு 9:10

வணக்கம். பல வருடங்களாகக் குடும்பத்தோடு தில்லியில் இருக்கிறேன். நவம்பர் பிறந்தால் எங்கள் வீட்டு ஜன்னல்கள் சாத்தியே கிடக்கும். மகளுக்கு மூச்சிரைப்பு உண்டு, இந்த மாதம் முழுக்க நெபுலைசர் மேசையை விட்டு நகராது. குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் ஒரே பேச்சுதான்: "பஞ்சாப்காரன் கொளுத்துகிறான், நாம் சாகிறோம்." நெல் அறுத்த பிறகு வயலில் மிஞ்சும் தாளைக் கொளுத்துவதைத்தான் சொல்கிறார்கள். எனக்கும் கோபம் இருக்கிறது. ஆனால் கோபத்தோடு சேர்ந்து இன்னொன்றும் மனதில் நிற்பதால்தான் இங்கே கேட்கிறேன்.

2020 டிசம்பரில் தில்லி-அரியானா எல்லையில் இருக்கும் சிங்குவுக்குப் போயிருந்தேன். மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்து விவசாயிகள் உட்கார்ந்திருந்த நேரம். டிராக்டர் டிரெய்லர்களில் கோதுமை மாவு மூட்டைகளை ஊரிலிருந்தே கொண்டு வந்திருந்தார்கள். பக்கத்துக் குடிசைப் பிள்ளைகளும் அந்த லங்கரில்தான், அதாவது சீக்கியர்கள் எல்லோருக்கும் இலவசமாகப் போடும் பொதுச் சாப்பாட்டில்தான், சாப்பிட்டார்கள். எனக்கு ரொட்டி போட்ட பெரியவர் நான் யார், எந்தப் பக்கம் என்று எதுவுமே கேட்கவில்லை. சீக்கியர்களுடைய விடியற்காலை ஓதலின் முடிவில் காற்று குரு, நீர் தந்தை, பூமி பெருந்தாய் என்று வருவதையும் அங்கேதான் ஒருவர் எனக்கு விளக்கினார்.

தினமும் இதை ஓதுகிறவர்கள் அதே வயலில் எப்படித் தீ வைக்கிறார்கள்? ஓதுவது வெறும் பழக்கமா, இல்லை எனக்குத் தெரியாத நெருக்கடி ஏதாவது இருக்கிறதா? விவசாயம் தெரிந்தவர்கள், அந்தப் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

மென்பொருள்_மதி
நவம்பர் 5, இரவு 10:02

அக்கா, இதில் நம்பிக்கையைத் தேடாதீர்கள், கணக்கைப் பாருங்கள். பஞ்சாபில் 1997 முதல் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். நெல்லுக்கும் கோதுமைக்கும் ஆதரவு விலை உறுதி, அரசே வாங்கிக்கொள்ளும். 2025 ஏப்ரலில் கோதுமை குவிண்டால் 2,425 ரூபாய். விளைந்ததை எல்லாம் ஒருவர் வாங்கிக்கொள்வார் என்றால் யார் மாற்றுப் பயிருக்குப் போவார்கள்? தீக்குச்சி மலிவு, இயந்திரம் விலை அதிகம், அதனால் கொளுத்துகிறார்கள். நகரத்துக்காரர் வரியும் கட்டி, புகையையும் சுவாசிக்க வேண்டியிருக்கிறது. எந்த மதமாக இருந்தாலும் இதுதான் நடக்கும்.

வண்டல்காடு
நவம்பர் 6, காலை 5:45

தம்பி மதி, இலவச மின்சாரம் நம் ஊரிலும் 1990-லிருந்து இருக்கிறது. அதை மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும்.

எனக்குப் புரியாதது வேறு. எங்கள் டெல்டாவில் அறுப்பு மிஷின் வந்த பிறகும் வைக்கோலைக் கட்டு கட்டுகிற மிஷின் பின்னாலேயே வந்துவிடுகிறது. மாட்டுக்குப் போகிறது, வெளியூர்க்காரன் லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறான். வைக்கோலைக் கொளுத்துவதைப் பார்த்தால் என் அம்மா சோறு இறங்காமல் இருந்திருப்பார். பஞ்சாபில் மாடு எருமைக்குக் குறைவில்லையே, அப்புறம் ஏன் நெல் வைக்கோலை வேண்டாம் என்கிறார்கள்?

சட்லெஜ்கரை
நவம்பர் 6, இரவு 11:30

லூதியானா மாவட்டத்தில் விதைப்புக் கருவிகள் பழுது பார்க்கும் பட்டறையில் வேலை. இது விதைப்புக் காலம் என்பதால் ராத்திரியில்தான் எழுத முடிகிறது.

வண்டல்காடு ஐயாவின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். இங்கே மாட்டுத் தீவனம் கோதுமை வைக்கோல்தான். துரி என்பார்கள். ஏப்ரலில் கோதுமையை அறுத்ததும் இன்னொரு இயந்திரம் தாளை நறுக்கித் துரியாக்கும், அதைக் குவித்து மேலே மண் பூசி வருடம் முழுக்க வைத்துக்கொள்வார்கள். அது காசு. நெல் வைக்கோலில் சிலிகா அதிகம் என்று இந்த ஊர் எருமைக்குப் போடமாட்டார்கள். பாசுமதி வைக்கோல் மட்டும் கொஞ்சம் தப்பிக்கும். நெல்லே இந்த மண்ணின் பழைய பயிர் இல்லை. இவர்கள் சோறு தின்கிற மக்களும் இல்லை. 60-களுக்குப் பிறகு நாட்டின் தானியக் கிடங்கு நிறைய வேண்டும் என்பதற்காக வந்து உட்கார்ந்த பயிர் அது.

இப்போது யமுனைத்துறை அக்கா கேட்ட நெருக்கடி. முன்பெல்லாம் மே மாதத்திலேயே நடவு தொடங்கிவிடும். அந்த வெயிலில் நிலத்தடி நீர் பாழாகிறது என்று 2009-இல் மாநில அரசு சட்டம் போட்டது: ஜூன் 10-க்கு முன் நடவு கூடாது. தண்ணீரைக் காப்பாற்ற வந்த சட்டம், நோக்கத்தில் தவறில்லை. ஆனால் நடவு பின்னால் போனதும் அறுப்பும் பின்னால் போயிற்று. கோதுமையை நவம்பர் முதல் பாதிக்குள் போட்டாக வேண்டும். தாமதமானால் மார்ச் கடைசியில் பால் பிடிக்கும்போது வெயில் வந்து மணியைச் சுருக்கிவிடும். 2022 மார்ச்சில் அந்த வெயிலை எல்லோரும் பார்த்தோம். இந்தியாவில் 1901-க்குப் பிறகு பதிவான மிக வெப்பமான மார்ச் அது. கதிர் நிறைய இருந்தது, எடை இல்லை. அந்த மே மாதமே மத்திய அரசு கோதுமை ஏற்றுமதியை நிறுத்தியது.

ஆக, நெல் அறுப்புக்கும் கோதுமை விதைப்புக்கும் நடுவே கிடைப்பது இரண்டு மூன்று வாரம். அதற்குள் கம்பைன் என்கிற அறுவடை இயந்திரம் விட்டுப்போன முழங்கால் உயர அரிதாளையும் சிதறிய வைக்கோலையும் அகற்றி, நிலம் தயார் செய்து, விதைக்க வேண்டும். தாளோடு சேர்த்தே விதைக்கிற ஹாப்பி சீடர், சூப்பர் சீடர் எல்லாம் இருக்கின்றன, அவற்றோடுதான் நான் மாரடிக்கிறேன். நல்ல கருவிகள். ஆனால் இழுக்கப் பெரிய டிராக்டர் வேண்டும். ஐந்து ஏக்கர்க்காரரிடம் அது இருக்காது. வாடகைக்குக் கேட்டால் ஊரே அந்த இரண்டு வாரத்தில்தான் கேட்கும். வரிசையில் கடைசி ஆள் தீக்குச்சியை எடுக்கிறார். தீ வைத்தால் அபராதம், வழக்கு, நிலப் பதிவேட்டில் சிவப்புக் குறிப்பு. எல்லாம் தெரிந்துதான் எடுக்கிறார்.

நம்பிக்கை பற்றிக் கேட்டீர்கள். இங்கே நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஏப்ரலில் கோதுமை முற்றிக் காய்ந்து நிற்கும்போது இந்த மக்களுக்கு மிகப் பெரிய பயம் எது தெரியுமா? தீ. மேலே போகிற மின்கம்பி உரசி ஒரு பொறி விழுந்தால் போதும். குருத்வாரா ஒலிபெருக்கியில் அறிவிப்பு வரும், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஊரே ஓடும், டிராக்டர்காரர்கள் எரிகிற வயலைச் சுற்றி உழுது தீயைத் தடுப்பார்கள். யாருடைய வயல் என்று பார்க்க மாட்டார்கள். அறுப்பு முடிகிறவரை தீயும் ஆலங்கட்டி மழையும் வரக்கூடாது என்று அர்தாஸ் என்கிற பிரார்த்தனையில் வேண்டுகிற அதே மனிதர் நவம்பரில் தீ வைக்கிறார். வைக்கும்போது முகம் சரியாக இருக்காது. "பாவம்தான், வேறு வழி சொல்" என்பார். நான் கருவியைச் சொல்வேன். "எப்போது வரும்?" என்பார். அதற்கு என்னிடம் பல நாள் பதில் இருந்ததில்லை.

யமுனைத்துறை
நவம்பர் 7, காலை 8:20

சட்லெஜ்கரை, நன்றி. இந்த 2009 சட்டத்தைப் பற்றி எங்கள் குழுவில் யாரும் ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை. ஏப்ரல் தீயைப் பற்றியும்தான்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். அவர் செய்வது பாவம் என்று அவருக்கே தெரிகிறது என்கிறீர்கள். வரிசையில் கடைசி ஆளுக்குக் கருவி வராது என்பதும் ஊருக்குத் தெரிகிறது. ஏப்ரலில் ஊரே ஓடிவந்து அவர் வயலை அணைக்கிறது. அதே ஊர் நவம்பரில் அவருக்காக ஏன் ஓடுவதில்லை?

பதிகம்
நவம்பர் 7, காலை 11:05

நல்ல கேள்வி. விவசாயம் எனக்கு அதிகம் தெரியாது, ஓதுகிற குடும்பம். அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம்.

அப்பர் பதிகம் ஒன்றில் உண்மையை உழவாகவும் விருப்பை விதையாகவும் பொய்யைக் களையாகவும் பொறுமையைப் பாய்ச்சும் நீராகவும் பாடி, கடைசியில் தகவு என்கிற வேலியைப் போடுகிறார். ஏழாம் நூற்றாண்டு. அதற்கு எண்ணூறு வருடம் கழித்து குரு நானக் மனத்தை உழவனாக, உடலை வயலாக, இறைவன் பெயரை விதையாக, மன நிறைவை மண்ணைச் சமன் செய்யும் பரம்புப் பலகையாகப் பாடுகிறார். அவரும் வேலி போடுகிறார், எளிமை என்கிற வேலி. ஒருவர் காவிரி, கெடில நாட்டில் நடந்தவர், இன்னொருவர் ராவிக் கரையில் இருந்தவர். இரண்டையும் அருகருகே வைத்து முதலில் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது.

நானக் இதை உட்கார்ந்த இடத்திலிருந்து பாடவில்லை. கடைசிப் பதினெட்டு வருடம் அளவில் கர்தார்பூரில் தங்கி நிலத்தை உழுதவர். 1539-இல் அங்கேயே மறைந்தார். இன்று பாகிஸ்தான் எல்லைக்குள் இருக்கும் அந்த இடத்துக்கு 2019-இல் பாதை திறந்தார்கள். உழைத்துச் சாப்பிடு, பெயரை நினை, பகிர்ந்து உண் என்று மூன்றும் சேர்ந்துதான் அவர் சொன்ன வழி. சீக்கியர்களின் புனித நூலில் தன்னா என்கிற உழவர் குல பக்தரின் பாடலும் இருக்கிறது. அவர் முக்தியைக் கேட்கவில்லை. பருப்பும் மாவும் நெய்யும் கேட்கிறார். காலுக்குச் செருப்பு, கறவைக்குப் பசுவும் எருமையும், ஏறிப்போக ஒரு நல்ல குதிரை, வீட்டுக்கு நல்ல மனைவி. ஒரு சம்சாரியின் பட்டியல், கடவுளிடம் நேராக.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நகரத்தில் இருக்கும் நமக்கு "மண் தாய்" என்பது கவிதை. அவர்களுக்கு மண்ணோடு தினமும் கொடுக்கல் வாங்கல். அதில் நன்றியும் உண்டு, தவறும் உண்டு. ஓதுவதற்கும் செய்வதற்கும் இடைவெளி இருப்பதால் ஓதுவது பொய்யாகிவிடாது என்பது என் எண்ணம். கோயிலுக்குப் போய்விட்டு வருகிற வழியில் ஆற்றில் பாலித்தீன் பையை வீசுகிறவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள், அவர்களுடைய பக்தி நடிப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

களத்துமேட்டுக்காரி
நவம்பர் 7, மதியம் 3:40

பதிகம் ஐயா சொன்னது அழகாக இருக்கிறது. ஆனால் "ஊரே ஓடும்", "பகிர்ந்து உண்" என்று படிக்கும்போது ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. ஆய்வுக்காகச் சங்ரூர் பக்கம் தங்கியிருந்தவள் நான்.

2011 கணக்கெடுப்புப்படி பஞ்சாப் மக்களில் ஏறக்குறைய 32 சதவீதம் தலித்துகள், இந்தியாவின் மாநிலங்களிலேயே அதிகம். நிலத்தில் அவர்கள் கையில் இருப்பது மிகச் சொற்பம். நீங்கள் பேசுகிற கோதுமை வயலும் அந்த வயலின் நம்பிக்கையும் பெரும்பாலும் நிலமுள்ள சாதியான ஜாட் சீக்கியருடையவை. சீக்கிய குருமார்கள் சாதியை மறுத்தார்கள், லங்கரில் எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள், உண்மை. ஆனால் பல கிராமங்களில் இன்று தலித்துகளுக்குக் குருத்வாராவும் தனி, சுடுகாடும் தனி.

ஊர்ப் பொது நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை தலித்துகளுக்கு மட்டுமே குத்தகைக்கு விட வேண்டும் என்று 1961 சட்டம் இருக்கிறது. ஏலத்தில் பினாமி ஒருவரை நிறுத்தி நிலத்தைப் பெரிய விவசாயியே எடுத்துக்கொள்வது பல காலம் நடந்தது. கடந்த பத்துப் பன்னிரண்டு வருடத்தில்தான் சங்ரூரில் தலித் குடும்பங்கள் சேர்ந்து நின்று ஏலத்தை எடுத்துக் கூட்டாகப் பயிரிடத் தொடங்கின. எனக்கு அறை கொடுத்த அம்மா சொன்னது: "முன்பு எருமைக்குப் புல் அறுக்க அவர்கள் வரப்பில் போனால் என்னவெல்லாம் பேச்சுக் கேட்க வேண்டியிருக்கும். இப்போது நம் வயலில் நாமே பர்சீம் தீவனம் போட்டிருக்கிறோம்." அவர்கள் ஊரில் இவர்களை ஒதுக்கி வைக்கிற அறிவிப்பு வந்ததும் அதே குருத்வாரா ஒலிபெருக்கியில்தான் என்று அந்தப் பெண்கள் சொன்னார்கள்.

சிங்குவில் ரொட்டி போட்ட கை உண்மைதான் அக்கா. ஊருக்குள் அந்தக் கை எங்கே போகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நகரம், கிராமம் என்று இரண்டே பக்கம் வைத்துப் பேசினால் இந்தப் பெண்கள் இரண்டிலும் காணாமல் போகிறார்கள். நாற்று நட பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வருகிறவர்களும்தான்.

சட்லெஜ்கரை
நவம்பர் 7, இரவு 11:50

களத்துமேட்டுக்காரி சொல்வதை மறுக்க மாட்டேன். என் பட்டறையில் வேலை செய்யும் பாதிப் பேர் நிலமில்லாத வீட்டுப் பிள்ளைகள். எல்லையில் போராட்டம் நடந்தபோது அவர்களும் போனார்கள். ஆதரவு விலை அவர்களுக்கு நேரடியாக ஒரு ரூபாய் தராது என்று தெரிந்தே போனார்கள்.

யமுனைத்துறை அக்கா கேட்டதற்கு: நவம்பரிலும் ஓடுகிற ஊர்கள் இருக்கின்றன. எங்கள் பக்கத்து ஊரில் குருத்வாரா கமிட்டியும் கூட்டுறவுச் சங்கமும் சேர்ந்து கருவிகள் வாங்கின. குழுவாக வாங்கினால் 80 சதவீதம் மானியம், தனி ஆளுக்கு 50. யாருக்கு முதலில் என்பதை ஏக்கர் குறைந்தவரிலிருந்து தொடங்கினார்கள். அங்கே இப்போது தீ மிகக் குறைவு. மாநிலம் முழுக்கப் பார்த்தாலும் செயற்கைக்கோள் எண்ணிய தீ 2020-இல் 83,000, 2024-இல் 10,900 அளவுக்கு இறங்கிவிட்டது. செயற்கைக்கோள் கடந்துபோன பிறகு சாயங்காலத்தில் கொளுத்துகிறார்கள், எண்ணிக்கை முழு உண்மை இல்லை என்று நிபுணர்கள் சொல்வதும் சரிதான், நானே பார்க்கிறேன். இருந்தாலும் இறங்கியிருக்கிறது. தில்லிக் காற்று அதே அளவுக்கு இறங்கியதா என்று உங்கள் குழுவில் கேட்டுப் பாருங்கள். சில நாட்கள் எங்கள் புகையின் பங்கு மூன்றில் ஒன்றைத் தாண்டும். பல நாட்கள் மிகச் சொற்பம். மீதி உங்கள் வண்டி, கட்டடத் தூசி, தொழிற்சாலை.

ப்ராம்ப்டன்_குளிர்
நவம்பர் 8, காலை 6:15

கனடாவிலிருந்து ஒரு சின்னக் குறிப்பு. என் அறைத்தோழன் பஞ்சாபின் மோகா பக்கத்துப் பையன், லாரி ஓட்டுகிறான். வீட்டில் எட்டு ஏக்கர். அதில் கொஞ்சம் விற்றுத்தான் வந்தான், மீதியைக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். ஜலந்தர் அருகே தல்ஹன் குருத்வாராவில் விசா கிடைக்க வேண்டி பொம்மை விமானம் காணிக்கை வைப்பார்கள், இவனும் வைத்திருக்கிறான். அவனுக்குத் தில்லி, சண்டிகர் மேல் எந்த ஆசையும் இல்லை. "அங்கே போனால் என் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்கள். இங்கே எல்லோருமே வெளியூர்க்காரர்கள்தானே" என்கிறான். கிராமத்துக்கும் நகரத்துக்கும் உள்ள விரிசல் எவ்வளவு ஆழம் என்பது எனக்கு அதில்தான் புரிந்தது. வயலிலிருந்து நேராகக் கடல் தாண்டிவிடுகிறார்கள். வைசாகி என்கிற அறுவடைத் திருநாள் அன்றைக்கு மட்டும் வேலைக்குப் போக மாட்டான், குருத்வாராவில் பாத்திரம் தேய்ப்பான்.

மென்பொருள்_மதி
நவம்பர் 8, காலை 9:30

2009 சட்டம் பற்றிய விளக்கம் உதவியாக இருந்தது. ஆனாலும் என் அடிப்படைக் கேள்வி அப்படியே இருக்கிறது. நெல்லை விட்டுவிட்டால் நவம்பர் நெருக்கடியே இல்லையே? மக்காச்சோளமோ பருத்தியோ போடட்டும். நிலத்தடி நீரும் பிழைக்கும். அரசு கொடுக்கிறது என்பதற்காக நெல்லைப் பிடித்துக்கொண்டு, சிங்குவில் பீட்சா சாப்பிட்டுக்கொண்டு போராடினால் நகரத்தில் அனுதாபம் எப்படி வரும்?

சட்லெஜ்கரை
நவம்பர் 8, மதியம் 1:15

மதி, பீட்சாவிலிருந்தே வருகிறேன். அந்தப் பீட்சா லங்கர் படம் வந்தபோது நகரத்தில் எழுந்த கேலி இங்கே எவ்வளவு வலித்தது என்பதை நான் நேரில் பார்த்தேன். பீட்சாவின் அடிப்பகுதி கோதுமை மாவு. அதை விளைவிக்கிறவர் அதைச் சாப்பிடக்கூடாதா? விவசாயி என்றால் கிழிந்த வேட்டியோடு வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும், அப்போதுதான் இரங்குவோம் என்கிற எண்ணம்தான் என்னைப் பொறுத்தவரை இந்தப் பிரிவின் மையம். மரியாதை கொடுக்கத் தயாரில்லை, இரக்கம் மட்டும் கைவசம் இருக்கிறது. லங்கரில் இது தலைகீழ். அங்கே கொடுப்பவர் கிராமத்துக்காரர், வாங்குவதற்குத் தரையில் உட்காருபவர் நீங்களும் நானும்.

மாற்றுப் பயிர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, நெல் குறைய வேண்டும். ஆனால் மக்காச்சோளத்துக்கும் ஆதரவு விலை அறிவிப்பதோடு சரி, மண்டியில் வாங்க ஆள் இல்லை. அறிவித்த விலைக்கும் கீழே தனியாரிடம் விற்றுவிட்டு வந்தவர்கள் மறுவருடம் நெல்லுக்கே திரும்பினார்கள். பருத்தி தெற்கு மாவட்டங்களில் போட்டார்கள், வெள்ளை ஈயும் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவும் அடித்தன. அந்த விவசாயிக்கு உறுதியாகக் கிடைப்பது நெல்லும் கோதுமையும்தான். அந்த உறுதியும் போய்விடும் என்று பயந்துதான் 2020-இல் டிராக்டரைக் கிளப்பினார்கள். சட்டங்களைத் திரும்பப் பெறுவதாக 2021 நவம்பர் 19 அன்று அறிவிப்பு வந்தது, குரு நானக் பிறந்தநாள். எங்கள் தெருவில் அதை எந்தத் தலைவரின் முடிவாகவும் யாரும் பேசவில்லை. குருவின் அருள் என்றே பேசினார்கள்.

மென்பொருள்_மதி
நவம்பர் 8, மதியம் 2:05

மரியாதை பற்றிச் சொன்னது புரிகிறது, பீட்சா பேச்சை விடுகிறேன். அப்படியானால் நம் கோரிக்கை ஒன்றாகிறது: நெல்லை வாங்கச் செலவிடுகிற பணத்தில் ஒரு பகுதியை மாற்றுப் பயிரை உண்மையாகவே மண்டியில் வாங்கச் செலவிட வேண்டும். வரி கட்டுகிறவனாக நான் அதற்குக் கையெழுத்துப் போடுவேன். இலவச மின்சாரத்தில் மட்டும் என் கருத்து மாறவில்லை.

வண்டல்காடு
நவம்பர் 8, மாலை 6:30

இந்தப் பேச்சில் தமிழர்களாகிய நமக்கு ஒரு பங்கு இருக்கிறது. யாரும் தொடவில்லையே.

பஞ்சாபுக்கு மெக்சிகோ குட்டைக் கோதுமையைக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் முன்னால் நின்ற இரண்டு பேர் நம் ஊர்க்காரர்கள். மத்திய உணவு அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியம், பொள்ளாச்சிப் பக்கம். விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதன், கும்பகோணத்தில் பிறந்தவர். 1966-இல் 18,000 டன் விதை கப்பலில் வந்தது. சுப்பிரமணியம் தில்லியில் தன் அரசு பங்களாவின் புல்வெளியை உழுது அந்தக் கோதுமையை விதைத்துக் காட்டினார். தில்லிக்காரர்கள் கோதுமைப் பயிரைப் பக்கத்தில் பார்த்தது அப்போதாவது நடந்திருக்கும். 1968-இல் கோதுமைப் புரட்சி என்று தபால்தலை வெளியிட்டார்கள். அதே 1968 ஜனவரியில் அறிவியல் மாநாட்டில் சுவாமிநாதன் எச்சரித்தார்: மண் வளத்தைக் காக்காமல் தீவிரமாகப் பயிர் செய்தால், நீரைக் கணக்கில்லாமல் உறிஞ்சினால், பேரழிவில் போய் முடியும் என்று. கொண்டாட்டத்தை எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். எச்சரிக்கை தாளில் கிடந்தது.

நம் ரேஷன் கடையில் வாங்குகிற கோதுமையும் அந்த வட்டாரத்து மண்ணிலிருந்தும் அந்தக் கிணற்றுத் தண்ணீரிலிருந்தும் வருவதுதான். சர்க்கரை வியாதிக்காரர் ராத்திரி இரண்டு சப்பாத்தி சாப்பிடும்போது அந்த நீரைத்தான் சாப்பிடுகிறார். ஆகவே பஞ்சாப்காரன் ஏன் இப்படிச் செய்கிறான் என்று கேட்கும்போது, யாருக்காகச் செய்தான் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். இதை நான் வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

களத்துமேட்டுக்காரி
நவம்பர் 8, இரவு 8:10

வண்டல்காடு ஐயா, இதைப் படித்ததும் மனம் நிறைந்தது. என் பங்குக்கு ஒன்று. சங்ரூரில் அந்தக் கூட்டுப் பயிர்க் குடும்பங்கள் கோதுமையைத் தங்களுக்குள் பிரித்துக்கொள்வது வயலில் ஆள் வேலை செய்த கணக்குப்படி. அதிலும் குருத்வாராவுக்கு ஒரு பங்கு எடுத்து வைத்தார்கள். அவர்களை ஒதுக்கிய ஊர்க் குருத்வாராவுக்கு அல்ல, தங்கள் தெருவில், தலித் குலத்தில் பிறந்த பக்தர் ரவிதாஸ் பெயரில் இருக்கும் குருத்வாராவுக்கு. அங்கே லங்கர் நடந்தபோது பெரிய விவசாயிகள் வீட்டுப் பிள்ளைகள் சிலரும் வந்து சாப்பிட்டதை நான் பார்த்தேன். பெரியவர்கள் வரவில்லை.

யமுனைத்துறை
நவம்பர் 8, இரவு 9:45

எல்லோருக்கும் நன்றி. சட்லெஜ்கரை, உங்கள் முதல் பதிவையும் இந்தத் தீ எண்ணிக்கையையும் ஆங்கிலத்தில் எழுதிக் குடியிருப்புக் குழுவில் போட்டேன். இரண்டு பேர் திட்டினார்கள், ஒருவர் விவரம் கேட்டார். அரியானாவிலிருந்து வந்து எங்கள் கட்டடத்தில் காவலராக இருப்பவர் தனியாக வந்து, தன் ஊரிலும் இதே வரிசைதான், இதே காத்திருப்புதான் என்றார். இத்தனை வருடம் தினமும் பார்த்தும் அவர் வீட்டில் கோதுமை வயல் இருப்பது எனக்குத் தெரியாது.

எனக்குச் சமாதானம் ஆகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஏக்கர் குறைந்தவரிலிருந்து தொடங்கிய அந்த ஊர் மாதிரி எல்லா ஊரும் செய்ய முடியும் என்றால், செய்யாத ஊரின் குருத்வாராவிடம் அந்த ஊர்க்காரர்களே போய்க் கேட்க வேண்டும். காற்றைக் குரு என்று ஓதுகிற இடம் அதுதான்.

சட்லெஜ்கரை
நவம்பர் 8, இரவு 11:20

கேட்க வேண்டும்தான் அக்கா. நான் வெளியூர்க்காரன், என்றாலும் கருவியோடு போகிற ஊரில் எல்லாம் அந்தக் கமிட்டிக் கதையைச் சொல்கிறேன். ஒலிபெருக்கியில் யாருக்கு எப்போது கருவி என்று அறிவித்தாலே பாதிச் சண்டை தீரும்.

வண்டல்காடு
நவம்பர் 9, காலை 5:30

தம்பி சட்லெஜ்கரை, தூக்கத்தில் ஒரு யோசனை வந்தது. எங்கள் பக்கம் சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், நெல் நிற்கும்போதே, ஈரத்தில் உளுந்தைத் தெளித்துவிடுவோம். உழவு இல்லை, தீ இல்லை. நெல்லை அறுக்கும்போது உளுந்து கீழே முளைத்திருக்கும். கோதுமையை அப்படித் தெளிக்க முடியாதா?

சட்லெஜ்கரை
நவம்பர் 9, இரவு 10:40

ஐயா, ஏறக்குறைய அதே வழியை லூதியானா வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைத்திருக்கிறது. நிற்கிற நெல்லில் அல்ல, நெல்லை அறுக்கும்போது. கம்பைனிலேயே ஒரு இணைப்பைப் பொருத்தி விதையையும் உரத்தையும் தெளித்துவிடலாம், அல்லது அறுத்த கையோடு கையால் வீசலாம். பிறகு தாளை நறுக்கி மேலே பரப்பி, லேசாகத் தண்ணீர் விட வேண்டும். பெரிய டிராக்டர் தேவையில்லை, செலவு குறைவு, தாள் போர்வை போல் கிடப்பதால் களையும் குறையும். எலித் தொல்லையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், வைக்கோல் ஓரிடத்தில் குவிந்தால் அங்கே முளைக்காது. எங்கள் பட்டறைக்கு வருகிறவர்களில் சிலர் இந்த வருடம் ஓரிரு ஏக்கரில் போட்டிருக்கிறார்கள். முளைப்பு எப்படி என்று டிசம்பரில் இங்கே எழுதுகிறேன். நீங்கள் உளுந்து தெளிக்கும்போது வயலில் ஈரம் எந்தப் பதத்தில் இருக்க வேண்டும் என்று பார்க்கிறீர்கள், அதை மட்டும் விவரமாக எழுதுங்கள். இங்கே பலரும் தடுமாறுவது அதில்தான்.

வண்டல்காடு
நவம்பர் 10, காலை 5:50

மெழுகு பதம் என்போம். வயலில் கால் வைத்தால் தடம் பதிய வேண்டும், தடத்தில் தண்ணீர் ஊறக் கூடாது. தண்ணீர் நின்றால் விதை அழுகும், வெடித்திருந்தால் முளைக்காது. மண் உங்களுடையது வேறு, ஒரு மூலையில் பார்த்துவிட்டு மீதியில் போடச் சொல்லுங்கள்.